வீட்டில் கட்டும் சிறு நீர்மூழ்கி: ஹேட்ச் மூடியை அடைப்பதும் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரோ இருவரோ உட்கார்ந்து போகிற அளவுக்குச் சின்ன நீர்மூழ்கிகளைத் தங்கள் பட்டறையிலேயே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் கிட்ரெட்ஜ் வடிவமைத்த கே-250, கே-350 ஆகியவை இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். பெயரில் இருக்கும் எண் அடிக்கணக்கில் ஆழத்தைச் சொல்கிறது, அதாவது சுமார் 76 மீட்டர், 107 மீட்டர். இந்தப் படகுகளில் ஆள் ஏறி இறங்கும் வாசலுக்கு மேலே இருக்கும் மூடிதான் ஹேட்ச். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் லேத் வேலை பார்த்தவன், நண்பர் ஒருவரின் படகுக்கு மூடியும் வளையமும் கடைந்து கொடுத்ததில் இருந்துதான் இந்தப் பைத்தியம் என்னையும் பிடித்தது.

ஆழம் போகப் போக ஹேட்ச் ஒழுக ஆரம்பிக்காதா?

இல்லை, நேர் எதிர். மூடி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி இருந்தால் (சிறு படகுகளில் அப்படித்தான் இருக்கும்) தண்ணீரே அதை அழுத்தி மூடிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 2,827 சதுர செ.மீ. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. அப்படியென்றால் 10 மீட்டரில் மூடியின் மேல் 2.8 டன், 100 மீட்டரில் 28 டன். இவ்வளவு பாரம் ஏறி உட்கார்ந்த மூடி ஒழுக வேண்டுமென்றால் அதன் வடிவத்திலோ அது உட்காரும் தளத்திலோ பெரிய கோளாறு இருக்க வேண்டும்.

ஒழுகுவதெல்லாம் மேல்மட்டத்தில்தான். முதல் ஒரு மீட்டர், அலை அடிக்கும் இடம், அழுத்துவதற்குப் போதிய தண்ணீர் இல்லாத இடம். அதனால் ஹேட்ச் வேலையில் முக்கால்வாசிக் கவலை மேற்பரப்புக்காகப் பட வேண்டியது.

அப்படியானால் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் எதற்கு, மூடி தானே பாரத்தைத் தாங்கிக்கொள்கிறதே?

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது இரும்பின் வேலை, மூடியின் விளிம்பு வாசல் வளையத்தின் மேல் இரும்போடு இரும்பாக உட்கார வேண்டும். தண்ணீரைத் தடுப்பது ரப்பரின் வேலை. ஓ-ரிங் காடிக்குள் (அதற்கென்று சுற்றி வெட்டிய பள்ளம்) இருந்துகொண்டு, மூடி உட்கார்ந்ததும் கொஞ்சம் நசுங்கி நிற்கும், அவ்வளவுதான் அதன் பங்கு. சிலர் தட்டையான கேஸ்கட் ஒன்றை இரண்டு இரும்புக்கும் நடுவில் வைத்து பாரம் முழுவதையும் அதன் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். நாலைந்து முக்குளிப்புக்குப் பிறகு அது பிதுங்கி வெளியே வந்து கிடக்கும், மேல்மட்டத்தில் மூடினால் உறுதியாகப் பிடிக்காது.

எந்த ரப்பர், எவ்வளவு தடிமன்?

நைட்ரைல் போதும். கடினம் ஷோர் ஏ அளவில் 70 என்பது பொதுவாகக் கிடைப்பது, அதுவே நல்லது. ஆனால் 60 செ.மீ. வளையத்தின் முழுச் சுற்றளவு 188 செ.மீ., அத்தனை நீளத்துக்கும் ரப்பரைக் கையால் நசுக்க வேண்டும் என்று யோசித்தால் கொஞ்சம் மென்மையான ரப்பரை ஏன் சிலர் தேடுகிறார்கள் என்பது புரியும்.

தடிமன் விஷயத்தில் நான் தாராளமாகத்தான் போவேன். வீட்டில் வெல்டிங் செய்த வளையம், எவ்வளவு கவனமாகக் கடைந்தாலும், படகு உடலோடு பற்றவைத்ததும் கொஞ்சம் கோணிக்கொள்ளும். 3 மி.மீ. ஓ-ரிங் அந்தக் கோணலை மன்னிக்காது. 7 மி.மீ. தடிமன் எடுத்தால் 20 சதவீதம் நசுங்கினாலே 1.4 மி.மீ. கையில் இருக்கும், அரை மில்லிமீட்டர் மேடுபள்ளத்தை அதுவே நிரப்பிவிடும். காடியை ரப்பரின் பருமனைவிட அகலமாக வெட்ட வேண்டும், ஏனென்றால் ரப்பர் நசுங்கும்போது பக்கவாட்டில்தான் விரியும். ரப்பருக்கு வடிவம் மாறுமே ஒழிய கன அளவு குறையாது. இடம் விடாமல் வெட்டிய காடியில் மூடி இரும்போடு உட்காரவே உட்காராது.

மீட்டர் கணக்கில் வாங்கிய கயிறு ரப்பரை வெட்டி ஒட்டலாமா என்றும் கேட்பார்கள். சாய்வாக வெட்டி ஒட்டினால் நிற்கிறது, பலர் செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பாது. வளையமாகவே வார்த்ததையோ, சூட்டில் வல்கனைஸ் செய்து இணைத்ததையோ வாங்குங்கள், அங்கே மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

காடியை மூடியில் வெட்டுவதா, கீழே வாசல் வளையத்தில் வெட்டுவதா?

மூடியில். கீழே வளையத்தில் வெட்டினால் கடைவது சுலபம், ஓ-ரிங் தானாக உட்கார்ந்திருக்கும், விழாது. ஆனால் படகுக்குள் இறங்குகிறவர் எங்கே கால் வைப்பார்? அங்கேதான். செருப்பில் ஒட்டிய மணல், பட்டன், கையில் பிடித்திருந்த டார்ச், எல்லாம் அந்தக் காடிக்கு மேலே போய்த்தான் உள்ளே போகும். மூடியில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மூடியைத் திறந்ததும் ஓ-ரிங் தொங்கும். அதற்காகக் காடியை வாய் குறுகியும் அடி அகன்றும், தச்சர்கள் புறாவால் இணைப்பு போடுவார்களே, அந்த மாதிரி வெட்டுவார்கள். லேத்தில் அதற்கென்று டூல் தீட்டிக்கொள்ள வேண்டும், பொறுமை வேண்டும், ஆனால் ஒருமுறை வேலைதான்.

எங்கே வெட்டினாலும் கீழ் வளையத்தின் மேல்முகத்தைக் காப்பாற்றுங்கள். ஒரு ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கீறி வளையத்தின் விளிம்பில் மாட்டிவிட்டால் போதும். ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் மாட்டிவைத்து, மூடப்போகும் நேரத்தில் கழற்றிவிடலாம்.

முகத்தில் கீறல் விழுந்துவிட்டது, என்ன செய்வது?

எந்தத் திசையில் விழுந்தது என்று பாருங்கள். வளையத்தைச் சுற்றியே ஓடும் கோடுகள் (லேத் விட்டுப்போன கோடுகள் இப்படித்தான் இருக்கும்) பெரிதாகத் தொல்லை தராது, ஓ-ரிங் அதன்மேல் சுற்றிப் படுத்துக்கொள்ளும். உள்ளிருந்து வெளியே குறுக்கே ஓடும் கீறல்தான் ஆபத்து, அது தண்ணீருக்கு வெட்டிவிட்ட வாய்க்கால். நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிறதா? மாட்டினால் அப்படியே விடக்கூடாது. பழைய ஓ-ரிங்கைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் எடுப்பதால்தான் பாதிக் கீறல் விழுகிறது, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரத்துண்டு ஒன்றைக் கூராக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கீல் பக்கம் மட்டும் ஒழுகுகிறது, ஏன்?

கீலை இறுக்கமாகச் செய்திருப்பீர்கள். சாதாரணக் கதவுக் கீல் மாதிரி துளையும் முள்ளும் சரியாகப் பொருந்தியிருந்தால், மூடி கீல் சொல்கிற இடத்தில்தான் உட்காரும், வளையம் சொல்கிற இடத்தில் உட்காராது. ரப்பர் நசுங்க நசுங்க மூடி ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். கீல் அதை விடாது, அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டே இருக்கும். துளையை நீள்வட்டமாக்கி மூடிக்கு மேலும் கீழும் ஆட்டம் கொடுங்கள். கீல் மூடியைச் சுமந்து வழிகாட்டினால் போதும்.

சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஃபிட்டர் வேலையில் செய்வதையே இங்கும் செய்யலாம்: ஓ-ரிங்கைக் கழற்றிவிட்டு, ஒரு முகத்தில் மெல்லிதாக மார்க்கிங் புளூ தடவி, மூடியை வைத்து எடுத்தால் எங்கெங்கே தொடுகிறது என்று நீலம் காட்டிக் கொடுத்துவிடும். சுற்றி முழுக்க ஒட்டியிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு இடத்தில் சொட்டுகிறது.

எங்களுக்கும் இதேதான் நடந்தது. ஏரியில் முதல் நாள், படகு மிதந்துகொண்டுதான் இருக்கிறது, நண்பரின் இடது தோளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். திறந்து துடைத்து மறுபடி மூடினோம், அதே இடம், அதே சொட்டு. ஓ-ரிங்கை மாற்றினோம், அப்புறமும் சொட்டு. கடைசியில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆட்காட்டி விரலால் கீழ் வளையத்தைச் சுற்றி மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தேன். கடிகாரத்தில் எட்டு மணி இருக்கிற இடத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு நூல். முகத்தைத் துடைக்க நாங்களே பயன்படுத்திய பனியன் வேஸ்ட்டில் இருந்து பிரிந்து, கிரீஸில் ஒட்டிக்கொண்டு, குறுக்கே படுத்திருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அதுவும் கிரீஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நூல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது.

அன்றிலிருந்து பனியன் வேஸ்ட் ஹேட்ச் பக்கமே வருவதில்லை. நூல் உதிராத துணியால் துடைத்து, கடைசியாக வெறும் விரலால் ஒரு முழுச் சுற்று. கண்ணைவிட விரல் நம்பகமானது.

என்ன கிரீஸ், எவ்வளவு?

நைட்ரைலுக்கு சிலிகான் கிரீஸ். மூடியில் அக்ரிலிக் இருந்தாலும் அதற்குத் தீங்கு செய்யாது. ஈபிடிஎம் ரப்பர் வாங்கியிருந்தால் பெட்ரோலிய கிரீஸ் பக்கம் போகவே கூடாது, ஊதிப்போய்விடும். சிலிகான் ரப்பர் ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் ஆகாது. அளவு: ரப்பர் மினுமினுக்க வேண்டும், விரலில் வழித்தால் கட்டியாக வரக்கூடாது. கிரீஸ் ஒழுகலை அடைக்காது, மணலைத்தான் பிடித்து வைக்கும்.

தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே சோதிக்க வழி உண்டா?

உண்டு, இதைச் செய்யாமல் படகை இறக்கக்கூடாது என்பது என் கருத்து. ஆள் இல்லாத படகின் ஹேட்சை மூடி, ஒரு சிறிய பம்பால் உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சுங்கள். 50 மில்லிபார் குறைத்தாலே போதும், அது அரை மீட்டர் ஆழத்துக்குச் சமம், நாம் பார்த்த மூடியின் மேல் சுமார் 140 கிலோ ஏறியிருக்கும். பிறகு பம்பை மூடிவிட்டு, கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் பாரோமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முள் ஏறினால் எங்கோ காற்று உள்ளே நுழைகிறது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. உள்ளே வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே அழுத்தம் ஏறக்குறைய 3.5 மில்லிபார் ஏறும். வெயிலில் நிற்கும் படகில் சோதித்துவிட்டு ஒழுகுகிறது என்று மூடியை மூன்று தடவை பிரித்துப் போட்டவர்கள் உண்டு. அதனால் உள்ளே ஒரு வெப்பமானியும் வையுங்கள், நிழலில் சோதியுங்கள்.

மேற்பரப்புதான் ஆபத்து என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள்?

வரலாறு அப்படித்தான் சொல்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் எச்.எல். ஹன்லி என்ற கையால் சுற்றி ஓட்டும் நீர்மூழ்கி, 1863 ஆகஸ்ட் 29 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஹேட்ச் திறந்திருக்கும்போதே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. 5 பேர் இறந்தார்கள். போர்க்களத்தில் இல்லை, துறையோரத்தில் நடந்தது.

ஆல்வின் தெரிந்திருக்கும், ஆழ்கடல் ஆராய்ச்சிக்குப் பேர்போன நீர்மூழ்கி. 1968 அக்டோபரில் அதைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தபோது தாங்கிய கம்பிவடம் அறுந்தது, ஹேட்ச் திறந்திருந்தது. உள்ளே இருந்த மூவரும் எப்படியோ தாவி வெளியே வந்துவிட்டார்கள், படகு நிரம்பி சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு தூக்கி எடுத்தபோது உள்ளே விட்டுப்போன மதிய உணவு சாண்ட்விச் கெடாமல் இருந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் திறந்த மூடிதான் மனதில் நிற்கிறது.

மூன்றாவது, பைசிஸ் 3 என்ற சிறு நீர்மூழ்கி. அயர்லாந்துக்கு அப்பால் கேபிள் வேலை முடித்து மேலே வந்துவிட்டது. தேதியைப் பாருங்கள், 1973 ஆகஸ்ட் 29, ஹன்லிக்குச் சரியாக 110 ஆண்டு கழித்து. தாய்க்கப்பலுக்கு இழுக்கும்போது இழுவைக் கயிறு பின்பக்கக் கோளத்தின் ஹேட்சில் சிக்கி அதைப் பிடுங்கிவிட்டது. இயந்திரங்கள் இருந்த அந்தக் கோளம் நிரம்ப, படகு 480 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது. ரோஜர் மாலின்சன், ரோஜர் சாப்மன் இருவரும் முன்பக்கக் கோளத்தில் 76 மணி நேரம் கிடந்து, செப்டம்பர் 1 அன்று உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

மூன்றிலும் ஆழம் ஹேட்சை உடைக்கவில்லை. திறந்திருந்தது, அல்லது கயிறு பிடுங்கியது.

அப்படியானால் ஹேட்சை எப்படிக் காப்பது?

வாசலைத் தண்ணீர் மட்டத்திலிருந்து உயரமாக வையுங்கள், கோபுரம் இருப்பதே அதற்குத்தான். பக்கத்தில் ஒரு மோட்டார் படகு வேகமாகப் போனால் எழும் அலை வாசலைத் தாண்டுமா என்பதை முதலில் ஆளில்லாமல், பிறகு ஆளோடு பாருங்கள். ஆள் ஏறினதும் படகு எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

கயிறோ வலையோ சிக்காதபடி மூடியைச் சுற்றி வளைந்த குழாய்க் கம்பி போடுங்கள், கைப்பிடிச் சக்கரமும் கீலும் அந்தக் கம்பிக்கு உள்ளே அடங்கியிருக்கட்டும். தூக்கும் கண்ணியை ஒருபோதும் மூடியில் வைக்காதீர்கள். இழுவைக் கயிறு கட்டும் இடம் ஹேட்சை விட்டு விலகி, கயிறு இறுகும்போது மூடியைத் தொட முடியாத கோணத்தில் இருக்க வேண்டும். அப்புறம், திறந்த மூடி தானாக விழாமல் இருக்க ஒரு கொக்கி. 20 கிலோ மூடி ஆடுகிற படகில் விரல்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூட்டு உள்ளே மட்டும் போதுமா?

போதாது. உள்ளே இருப்பவர் மயங்கிவிட்டால் வெளியே இருப்பவர் திறக்க வேண்டும், வெளியே யாரும் இல்லையென்றால் உள்ளே இருப்பவர் திறக்க வேண்டும். ஒரே தண்டு இரண்டு பக்கமும் கைப்பிடியோடு மூடியைத் துளைத்துப் போகும், அந்தத் தண்டுக்குத் தனியாக இரண்டு ஓ-ரிங் போடுங்கள், அதுவும் ஒரு ஒழுகும் இடம்தான். எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று வெளியே பெயிண்டில் அம்புக்குறி போடுங்கள், உதவிக்கு வருகிறவர் உங்கள் படகை அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார்.

2023-இல் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கியின் விபத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அங்கே ஆட்களை உள்ளே வைத்து வெளியிலிருந்து போல்ட் போட்டு மூடினார்கள். 5 பேரின் உயிரைக் குடித்த உடைப்புக்கு அந்த மூடும் முறை காரணமில்லைதான். ஆனாலும் மேலே வந்து மிதந்தால்கூட உள்ளே இருப்பவர் தானாக வெளியே வர முடியாத அமைப்பு அது. வீட்டில் கட்டுகிறவர் அதைப் பின்பற்ற எந்தக் காரணமும் கிடையாது.

தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஹேட்சைத் திறக்க முடியுமா?

தள்ளித் திறக்க முடியாது. 30 செ.மீ. தண்ணீர் மேலே நின்றாலே அந்த 60 செ.மீ. மூடியைத் தூக்க 85 கிலோ வேண்டும். ஒரு மீட்டரில் 280 கிலோ. ஒரே வழி, உள்ளே தண்ணீரை விட்டு இரண்டு பக்க அழுத்தத்தையும் சமமாக்குவது. 1851 பிப்ரவரி 1 அன்று ஜெர்மனியின் கீல் (Kiel) நகரத் துறைமுகத்தில் பிராண்ட்டாவுக்கர் என்ற நீர்மூழ்கி மூழ்கியபோது அதை வடிவமைத்த வில்ஹெல்ம் பாவர் இதைத்தான் செய்தார். கூட இருந்த இருவரையும் சமாதானப்படுத்தி, தண்ணீர் ஏறி உள்ளே காற்று இறுகும் வரை காத்திருந்து, மூடி திறந்ததும் மூவரும் மேலே வந்தார்கள்.

10 மீட்டரில் படகின் பாதி நிரம்பினால் சமமாகும், 30 மீட்டரில் முக்கால் பங்கு நிரம்ப வேண்டும். அதனால் உள்ளிருந்து திறக்கக்கூடிய ஒரு வெள்ள வால்வு கட்டாயம், தலை இருக்கும் இடத்தில்தான் காற்று மிஞ்சும் என்பதை மனதில் வைத்து இருக்கையை அமையுங்கள். இறுகிய காற்றை மூச்சிழுத்த பிறகு மேலே வரும் வழியெல்லாம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும், அடக்கினால் நுரையீரல் கிழியும். ஆழம் அதிகமானால் இந்த வழி உதவாது, படகில் கட்டியிருக்கும் எடையைக் கழற்றிவிட்டு படகோடு மேலே வருவதுதான் முதல் வழி.

மேலே வந்து பூட்டைத் திறந்ததும் மூடி படாரென்று எகிறியது.

உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. ஆக்சிஜன் அளவுக்கு மேல் விட்டிருக்கலாம், அழுத்தக் காற்றுக் குழாய் உள்ளே எங்கோ கசிந்திருக்கலாம். 50 மில்லிபார் அதிகம் இருந்தாலே 140 கிலோ கீழிருந்து தள்ளும், உங்கள் முகம் அதற்கு நேராக இருக்கும். பாரோமீட்டரைப் பார்த்து, சமப்படுத்தும் வால்வைத் திறந்து, சீறல் சத்தம் நின்ற பிறகு பூட்டில் கை வையுங்கள்.

எவர்சில்வர் வளையம் போட்டால் துரு தொல்லை தீருமா?

ஏரியில் ஓட்டினால் தீரும். கடலில் தீராது. 316 ரக எஃகுகூட உப்புத் தண்ணீர் தேங்கும் இடுக்கில், காற்றுப் படாத இடத்தில், புள்ளிபுள்ளியாக அரிக்கும். ஓ-ரிங் காடியைவிடச் சரியான இடுக்கு எது? தவிர, சாதா இரும்பு உடலோடு அது சேரும் இடத்தில் இரும்பு வேகமாக அரிக்கும், துத்தநாகத் துண்டு கட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங்கைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். அடைக்கும் முகத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள், உரிந்து வரும்.

மூடியில் அக்ரிலிக் குமிழ் வைத்திருக்கிறேன்.

தின்னர், அசிட்டோன், சாராயம் கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் படக்கூடாது. தொட்ட மாத்திரத்தில் ஒன்றும் தெரியாது, பிறகு உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகள் பூக்கும். மென்சோப்பும் தண்ணீரும் போதும். டிரெய்லரில் நிற்கும்போது வெள்ளைத் துணி உறை போட்டு வையுங்கள். மனிதர்கள் இருக்கும் அழுத்தக் கலங்களுக்கான அமெரிக்க விதி பிவிஎச்ஓ-1, அக்ரிலிக் ஜன்னல்களுக்கு ஆயுள் வரம்பு வைத்திருக்கிறது. பழைய குமிழ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு முன் அதன் வயதைக் கேளுங்கள்.

ஓட்டாத மாதங்களில் ஹேட்சை இறுக்கி மூடி வைக்கலாமா?

கூடாது. மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ஓ-ரிங் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், திரும்ப எழும்பாது. அதைக் கழற்றி இருட்டான இடத்தில் வையுங்கள், நைட்ரைலுக்கு வெயிலும் மின்மோட்டார் பக்கத்தில் உண்டாகும் ஓசோனும் ஆகாது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். மூடிய இரும்புக் கலத்துக்குள் துரு பிடிக்கும்போது அது காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். பேட்டரி இருந்தால் ஹைட்ரஜனும் சேரும். பார்க்க வெறும் காலிப் படகு, தலையை உள்ளே விட்டவர் அப்படியே சரிந்துவிடுவார். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் உள்ளே போகக்கூடாது. ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பாருங்கள், இல்லையென்றால் மின்விசிறி வைத்து நன்றாகக் காற்றோட்டம் கொடுத்துவிட்டு இறங்குங்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும்.

அதனால் மூடியை இரண்டு விரல் இடைவெளி விட்டு மரக்கட்டை கொடுத்து நிறுத்தி, அந்த நிலையிலேயே அசையாதபடி சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். தெருப் பிள்ளைகளுக்கு நீர்மூழ்கி என்றால் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கத்தான் தோன்றும். சாவி வீட்டுக்குள் இருக்கட்டும், படகிலேயே தொங்கவிட வேண்டாம்.